ராதாரிச் சீட்டும் கேமராக் கண்ணும்

எங்க சித்தப்பா விளாங்குடி ஸ்டாப்பில் விழுந்து மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆரப்பாளையத்துல ஏறி, வைகைப் பாலம் தாண்டி, பாத்திமா காலேஜ் தாண்டி, வழக்கமா எறங்குற எடத்துலதான் எறங்கியிருக்கார். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். விசில் சத்தம். அவ்வளவுதான். வலது கணுக்கால் எலும்பு முறிவு, நாலு மாசம் கட்டில்.

"வண்டி நிக்கிறதுக்குள்ள குதிச்சுட்டாரு பெரியவரு" என்றார் கண்டக்டர். "நின்னுச்சுடா, நான் எறங்கயில எடுத்துட்டான்" என்றார் சித்தப்பா. பஸ்ஸில் இருந்த பத்துப் பதினஞ்சு பேரும் பரவை, சமயநல்லூர் என்று அவரவர் வேலையைப் பார்த்துப் போய்விட்டார்கள். சாட்சி யாரும் இல்லை.

இல்லை என்று சொல்லக் கூடாது. ஒரு சாட்சி இருந்தது. முன் படிக்கு மேலே குண்டு பல்பு மாதிரி கறுப்பா ஒரு கேமரா. "நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்" என்று பக்கத்துல ஸ்டிக்கர் வேற.

ஆஸ்பத்திரி, ஆபரேஷன் எல்லாம் முடிஞ்சு ஒன்பதாவது நாள் அந்த வண்டியோட ஆபீசுக்குப் போனேன் (எந்த ஆபீஸ்னு சொல்ல வேணாம், அது இப்ப முக்கியமில்லை). "அதெல்லாம் பப்ளிக்குக்குக் காட்டக் கூடாது சார், போலீஸ்ல லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்றார்கள். லெட்டருக்கு அலைஞ்சதுல ஒரு வாரம் போச்சு. கடைசியில் பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். இருபத்தொன்பதாவது நாள் பதில் வந்தது. ரெண்டே வரி. ஒன்று: பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பதிவை வழங்க இயலாது. ரெண்டு: மேற்படி பதிவு தானாகவே அழிந்துவிட்டது.

இல்லாத பொருளைக் குடுக்க முடியாதுன்னு சொல்ல, பாதுகாப்புக் காரணம் எதுக்குங்க? :-)

இதுல இன்னொரு கூத்து. ரெண்டு மாசம் கழிச்சு அதே கண்டக்டரை ஒரு டீக்கடையில் பார்த்தேன். சண்டைக்குப் போகலாம்னுதான் கிட்டப் போனேன். அவர் முந்திக்கிட்டார். "சார், நானும் அந்தப் படத்தைத்தான் கேட்டேன். எனக்கு மெமோ குடுத்துருக்காங்க. படத்தைப் பாத்தா நான் சொன்னது தெரியும்ல? எனக்கும் காட்டலை சார்."

படத்தில் இருந்த ரெண்டு பேரும் படத்தைக் கேட்டார்கள். ரெண்டு பேருக்கும் கிடைக்கவில்லை. அப்போ அந்தக் கேமரா யாருக்காக மாட்டியிருக்கு? இந்தக் கேள்விதான் என்னைக் கொஞ்சம் பழைய கதைகள் பக்கம் இழுத்துக்கிட்டுப் போச்சு. வாங்க, கொசுவத்தி சுத்துவோம்.

கையில் ஒரு துண்டுச் சீட்டு

மதுரை சாலைகளில் பஸ் என்றாலே ஒரு காலத்தில் டி.வி.எஸ். பஸ்தான். 1972-ல் அது அரசுடைமை ஆகி பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1997-ல் சாதிக் கலவரங்களுக்கு அப்புறம் போக்குவரத்துக் கழகங்களுக்கு இருந்த தலைவர்கள், மன்னர்கள் பேரையெல்லாம் எடுத்தார்கள். பாண்டியனும் அதோடு போயிட்டார். ஆனா எங்க தெருப் பெருசுகள் வாயில் இன்னமும் "பாண்டியன் பஸ்" தான்.

அந்தக் காலத்துப் பஸ்ஸிலும் கண்காணிப்பு உண்டு. நடுவழியில் கைகாட்டி நிறுத்தி ஏறும் செக்கிங் இன்ஸ்பெக்டரை மறக்க முடியுமா? அவர் ஏறினதும் பஸ்ஸே அமைதியாகிடும். கண்டக்டர் ஒவ்வொரு ஸ்டேஜ் முடிஞ்சதும் எந்த டிக்கெட் நம்பர் வரைக்கும் கிழிச்சிருக்கார் என்று தாளில் எழுதணும். இன்ஸ்பெக்டர் அந்தத் தாளை வாங்கிப் பார்ப்பார், தலையை எண்ணுவார், அப்புறம் நம்ம கையில் இருக்கிற டிக்கெட்டைக் கேட்பார். மூணும் ஒத்துப் போகணும்.

இதை யோசிச்சுப் பாருங்க. இந்த ஏற்பாட்டில் பதிவு ரெண்டு பக்கமும் இருக்கு. கணக்குத் தாள் கண்டக்டர் கிட்ட, டிக்கெட் நம்ம கிட்ட. அவர் காசை வாங்கிட்டு டிக்கெட் குடுக்கலைன்னா நாம கேட்கலாம். நாம டிக்கெட் எடுக்கலைன்னா அவர் கேட்கலாம். கணக்குல எதுவும் தப்பு நடந்தா சட்டைப் பையில் இருக்கிற அந்தத் துண்டுச் சீட்டே சாட்சி. வேவு பார்க்கிற மாதிரி யாருக்கும் தோணலை. ஏன்னா பார்க்கிறவர், பார்க்கப்படுகிறவர் ரெண்டு பேர் கையிலும் ஆளுக்கு ஒரு நகல் இருந்தது.

எல்லாச் சீட்டும் இப்படி இல்லை. இதே மதுரைச் சீமையில் இன்னொரு சீட்டும் இருந்தது.

ரேகைச் சட்டத்து நாட்கள்

1871-ல் வெள்ளைக்காரன் வட இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று கொண்டு வந்தான். ஒரு மனுஷன் தப்பு செய்தானா இல்லையா என்ற பேச்சே கிடையாது. இன்ன கூட்டத்தில் பிறந்தாலே குற்றவாளி. 1911-ல் அதைத் திருத்தி சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். அதே 1911 ஜூன் 17-ல்தான் மணியாச்சி ஜங்ஷனில் ரயில் பெட்டிக்குள் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். ரெண்டுக்கும் நேர்த் தொடர்பு கிடையாது. ஆனா யார் எங்கே போகிறான், எந்த ரயிலில் ஏறுகிறான் என்று அரசாங்கம் பதறிக்கிட்டிருந்த காலம் அது என்பது விளங்கும். புதுச்சேரியில் இருந்த பாரதி வீட்டு வாசலிலேயே சி.ஐ.டி.க்கள் நின்றார்கள் என்பது எல்லாரும் அறிந்த கதை.

1910-களில் அந்தச் சட்டம் மதுரைப் பக்கம் பிறமலைக் கள்ளர் மேல் பாய்ந்தது. சனங்க அதுக்கு வச்ச பேர் ரேகைச் சட்டம். கைரேகை எடுத்துப் பதிவேட்டில் ஏத்துவார்கள். பேர் ஏறிட்டா, ராத்திரி ஆனால் போலீஸ் ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய் ஆஜர் கொடுக்கணும். கட்டின பொண்டாட்டி பிள்ளை வீட்டில், ஆள் சாவடித் திண்ணையில். வெளியூர் போகணும்னா அனுமதிச் சீட்டு வேணும். அதுக்குப் பேர்தான் ராதாரிச் சீட்டு. பெண் பார்க்கப் போனாலும் சரி, மாடு வாங்கப் போனாலும் சரி, சாவு வீட்டுக்குப் போனாலும் சரி, சீட்டு இல்லாம வழியில் பிடிபட்டா ஜெயில்.

1920 ஏப்ரல் 3-ஆம் தேதி சேடபட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் ஊர்ச்சனம் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றது. போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். மாயக்காள் என்கிற பெண்மணியும் அதில் ஒருவர். நினைவுத் தூண் இப்பவும் அங்கே இருக்கு. சட்டம் சென்னை மாகாணத்தில் ரத்தானது 1947-ல். நாடு முழுக்க 1952-ல்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, அந்தச் சட்டத்தில் ஒரு சங்கதி இருக்கு. பதிவேடு போலீஸ் சூப்பிரண்டு வசம்.  ஒரு கூட்டத்தைக் குற்றப் பரம்பரைன்னு அறிவிச்சது சரியா தப்பான்னு எந்தக் கோர்ட்டும் கேள்வி கேட்க முடியாதுன்னு சட்டத்துக்குள்ளேயே எழுதி வச்சிருந்தான் வெள்ளைக்காரன். கேட்டா, பொதுமக்கள் பாதுகாப்பு.

பஸ் டிக்கெட்டும் சீட்டுதான், ராதாரியும் சீட்டுதான். ஒன்றில் கணக்கு ரெண்டு பக்கமும். இன்னொன்றில் ஒரே பக்கம். கேமரா இதில் எந்த ஜாதிச் சீட்டு? அதைத்தான் பார்க்கணும்.

(பஸ் கேமராவையும் ரேகைச் சட்டத்தையும் ஒரே தராசில் வைக்கிறியான்னு யாரும் சண்டைக்கு வர வேணாம். அந்தக் கொடுமை வேற, இது வேற. பதிவேடு யார் கையில் இருக்கு என்கிற ஒரு விஷயத்துக்காக மட்டும்தான் சொன்னேன்.)

கேமரா வந்த கதை

கேமரா சும்மா வரலை. ரத்தம் சிந்தித்தான் வந்தது. அதை மறந்துட்டு "எல்லாம் வேவு" என்று பேசுறது நியாயமில்லை.

2012 டிசம்பர் 16, டெல்லி. ஓடுகிற தனியார் பஸ்ஸில் அந்த மாணவிக்கு நடந்தது உலகத்துக்கே தெரியும். அந்த பஸ் எதுன்னு போலீஸ் கண்டுபிடிச்சதுக்கு உதவினது மகிபால்பூரில் ஒரு ஓட்டலின் கேமரா. பஸ் அந்தப் பக்கம் கடந்து போனது அதில் பதிவாகியிருந்தது. அடுத்த பிப்ரவரி பட்ஜெட்டில் நம்ம சிவகங்கைக்காரர் ப.சிதம்பரம் 1,000 கோடி ரூபாயில் நிர்பயா நிதி அறிவிச்சார். நாடு முழுக்க ரயில்வே ஸ்டேஷன், பஸ் எல்லாம் கேமரா ஏறினதுக்குப் பெரும் பங்கு அந்தக் காசுதான்.

2016 ஜூன் 24, சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையம். காலை நேரம், ஆபீஸ் போக ரயிலுக்குக் காத்திருந்த பெண்ணை பிளாட்பாரத்திலேயே வெட்டிக் கொன்றான் ஒருத்தன். அத்தனை கூட்டத்திலும் ஓடினவனைப் பிடிக்க ஆளில்லை. ஸ்டேஷனில் கேமராவும் இல்லை. பக்கத்துத் தெருவில் இருந்த கேமராக்களை வச்சுத்தான் அடையாளம் தேடினார்கள். மாநகரத்துக்கு நடுவில் இருக்கிற ஸ்டேஷனில் ஒரு கேமரா இல்லையேன்னு ஊரே கொதிச்சது.

2022 மே 14-ல் சென்னை மாநகரப் பேருந்துகளில் நிர்பயா திட்டம் தொடங்கினது. மொத்தம் 2,500 பஸ், முதல் கட்டமா 500. ஒரு பஸ்ஸுக்கு மூணு கேமரா, நாலு அவசர பட்டன். பட்டனை அமுக்கினா கட்டுப்பாட்டு அறையில் தெரியும். 2025 ஜூலையில் ரயில்வே ஒரு பெரிய அறிவிப்பு விட்டது. 74,000 பெட்டிகளிலும் 15,000 இன்ஜின்களிலும் கேமரா. பெட்டிக்கு நாலு, இன்ஜினுக்கு ஆறு. பெட்டிக்குள்ளே கதவு பக்கம், ஆள் நடமாடும் இடத்தில் மட்டும்தான் வைப்போம், பயணிகளோட அந்தரங்கத்துக்காக, என்றும் சொன்னார்கள். அதைச் சொல்லணும்னு தோணினதே நல்ல விஷயம்.

ராத்திரி ஒன்பதரைக்கு ஆரப்பாளையத்துல பஸ் ஏறுகிற நர்சு, ஜவுளிக்கடைப் பெண் இவங்களைக் கேட்டுப் பாருங்க. கேமரா வேணாம்னு ஒருத்தர் கூடச் சொல்ல மாட்டாங்க. நானும் சொல்ல மாட்டேன்.

படம் வெளியே போனால்

ஆனா இதுக்கு மறுபக்கம் உண்டு. 2013 ஜூலையில் டெல்லி மெட்ரோவில் பயணம் செய்த காதல் ஜோடிகளின் படம் ஆபாசத் தளங்களில் கிடக்குதுன்னு செய்தி வந்தது. பாதுகாப்புக்குன்னு வச்ச கேமராவின் பதிவுகள்தான். காலியான பெட்டியில் தனியா இருக்கோம்னு நினைச்சவங்களுக்குப் பின்னால் ஒரு கண் இருந்திருக்கு, அந்தக் கண்ணுக்குப் பின்னால் ஒரு ஆளும் இருந்திருக்கான்.

இன்னொரு ஆபத்து நம்ம ஊர் ஆபத்து. ஆணவக் கொலை நடக்கிற மண் இது. வேற சாதிப் பையனோட ஒரு பொண்ணு பஸ் ஏறிப் போயிட்டா, "எந்த பஸ்ஸுல ஏறுனா, எங்க எறங்குனா, கேமராவைப் போட்டுக் காட்டு" என்று வெள்ளை வேட்டியில் நாலு பேர் வந்து நின்னா என்ன ஆகும்? உள்ளே இருக்கிற ஆபரேட்டர் தெரிஞ்சவரா இருந்தா? ரெண்டு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அதனால கேட்டவங்களுக்கெல்லாம் படத்தைப் போட்டுக் காட்டுறதுக்குப் பேர் வெளிப்படைத்தன்மை இல்லை. அந்த ஆபீஸில் "பப்ளிக்குக்குக் காட்டக் கூடாது" என்று சொன்னவர் இந்த அர்த்தத்தில் சொல்லியிருந்தா அவர் சொன்னது சரிதான்.

கேமரா எங்கே பார்க்கலை, எந்த மூலை இருட்டு, சர்வரின் பாஸ்வேர்டு என்ன, இதெல்லாமும் வெளியே வரக் கூடாதுதான். பிக்பாக்கெட் ஆளுக்குப் படம் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிடும்.

சரி, இது பாதுகாப்பு. இதுக்குள்ளே சித்தப்பா கால் எங்கே வருது?

அழிகிற பதிவு

இப்போ கொஞ்சம் கணக்கு. பஸ்ஸில் இருக்கிற ரெக்கார்டரில் ஒரு ஹார்டு டிஸ்க். ஒரு கேமரா வினாடிக்கு 2 மெகாபிட் வீதம் பதியுதுன்னு வச்சுக்கோங்க. ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வண்டி ஓடினா ஒரு கேமராவுக்கு 14 ஜி.பி.க்குக் கொஞ்சம் மேல. மூணு கேமராவுக்கு 43 ஜி.பி. 1,000 ஜி.பி. டிஸ்க் என்றால் 23 நாளில் நிறைஞ்சிடும். நிறைஞ்சதும் ரெக்கார்டர் நிற்காது. பழைய நாளை அழிச்சு அது மேலேயே புது நாளை எழுதும். யாரும் பட்டனைத் தட்டி அழிக்க வேண்டியதில்லை. சும்மா இருந்தாலே போதும், அழிஞ்சிடும்.

ரயில் நிலையக் கேமராக்களில் பதிவை 30 நாள் வைத்திருப்போம் என்று 2020-ல் அறிவிச்சார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பதில் சொல்ல அதிகாரிக்கு இருக்கும் கெடுவும் 30 நாள். மோட்டார் வாகன விபத்து நஷ்டஈட்டுக்கு மனு போட 2019 திருத்தம் வச்ச கெடு ஆறு மாசம். இந்த மூணு கடிகாரத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. அடிபட்டவன் ஆஸ்பத்திரியில் இருந்து எந்திரிச்சு வந்து, மனு எழுதி, பதில் வாங்குறதுக்குள்ள சாட்சி செத்துப் போச்சு. யாரும் தப்பு செய்யலை, எல்லாரும் விதிப்படிதான் நடந்தாங்க!

இது எவ்வளவு தூரம் போகும் என்பதுக்கு 2020 சாத்தான்குளம் சாட்சி. பஸ், ரயில் விஷயம் இல்லை, ஆனா கேமரா விஷயம். ஜூன் 19-ல் பிடிச்சுட்டுப் போன ஜெயராஜ், பென்னிக்ஸ், அப்பாவும் மகனும், நாலு நாளுக்குள் உயிரோட இல்லை. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் மதுரைக் கிளைக்குக் கொடுத்த அறிக்கையில், ஸ்டேஷனில் கேமரா இருந்தது, ஹார்டு டிஸ்க்கில் ஒரு டி.பி. அளவுக்கு இடமும் இருந்தது, ஆனா தினமும் பதிவு தானா அழியுற மாதிரி செட்டிங் வச்சிருந்தாங்க என்று எழுதினார். கேமரா மாட்டியாச்சு என்று கணக்கில் இருக்கும். பார்த்தது எதுவும் மிஞ்சாது. வழக்கு விசாரணை நம்ம மதுரைக் கோர்ட்டில்தான் நடந்தது. கேமரா சொல்லாததை உள்ளே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர் சொன்னார். அந்தம்மா தைரியத்துக்கு ஒரு கும்பிடு.

அதே வருஷம் டிசம்பர் 2-ல் உச்ச நீதிமன்றம், பஞ்சாப் வழக்கு ஒன்றில், நாட்டின் எல்லாப் போலீஸ் ஸ்டேஷனிலும் கேமரா வைக்கணும், பதிவை 18 மாசம் வைத்திருக்கணும், அதுக்கு வசதி இல்லைன்னா குறைஞ்சது ஒரு வருஷம் என்று உத்தரவு போட்டது. எத்தனை நாள் வைக்கிறோம் என்பது டெக்னிகல் விஷயம் இல்லை, நியாய விஷயம் என்று கோர்ட்டுக்குப் புரிஞ்சிருக்கு. பஸ்ஸுக்கு ஒன்றரை வருஷம் எல்லாம் வேணாம். கேட்ட அன்னைக்கு அந்த அரை மணி நேரத்தை மட்டும் தனியா எடுத்து வச்சா போதும்.

சட்டம் என்ன சொல்லுது

தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட முதல் மாநிலம் எது தெரியுமா? நம்ம தமிழ்நாடுதான், 1997-ல். ஆனா விதிவிலக்குகளை அள்ளிப் போட்டதில் அது பல்லில்லாத சட்டமாப் போச்சு. 1923-ன் அரசு ரகசியச் சட்டத்தில் ஊறின ஆபீஸ்களுக்கு உண்மையான மாற்றம் வந்தது 2005 அக்டோபர் 12-ல், மத்தியத் தகவல் உரிமைச் சட்டம் அமலுக்கு வந்தப்போதான்.

அந்தச் சட்டத்தில் "தகவல்" என்றால் தாள் மட்டும் இல்லை. மின்னணு வடிவில் இருப்பதும் தகவல்தான். ஆக, அரசு பஸ், ரயில் கேமராப் பதிவும் அதுக்குள்ளே வரும். எட்டாவது பிரிவில் மறுக்கக் காரணங்கள் உண்டு. நாட்டின் பாதுகாப்பு, ஒருத்தர் உயிருக்கு ஆபத்து, புலன் விசாரணைக்கு இடைஞ்சல், அந்தரங்கம். நாலும் நியாயமான காரணம்தான். ஆனா அடுத்தடுத்து ரெண்டு ஜன்னலையும் அதே சட்டம் திறந்து வச்சிருக்கு. பொது நலன் பெரிசா இருந்தா கொடுக்கலாம் என்கிறது 8(2). மறைக்க வேண்டியதை மறைச்சுட்டு மிச்சத்தைக் கொடுக்கலாம் என்கிறது பத்தாவது பிரிவு. அடுத்தவங்க முகத்தை மங்கலாக்கிட்டு படத்தைக் கொடுக்க இந்தப் பத்தாவது பிரிவே போதும். அதை யாரும் சீண்டுறது இல்லை, "பாதுகாப்பு" என்ற ஒற்றை வார்த்தையில் முடிச்சுடறாங்க.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள் (புட்டசாமி வழக்கு). அதுக்கப்புறம் 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது போகிற போக்கில் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாத்திடுச்சு. முன்னாடி, தனிப்பட்ட தகவலா இருந்தாலும் பொதுக் காரியத்தோடு சம்பந்தம் இருக்கா என்று பார்க்கணும். சட்டசபைக்கு மறுக்க முடியாததைச் சாமானியனுக்கும் மறுக்கக் கூடாது என்று ஒரு அழகான வரியும் உண்டு. 2025 நவம்பரில் இருந்து அதெல்லாம் அந்தப் பிரிவில் இல்லை. தனிப்பட்ட தகவல், முடியாது, அவ்வளவுதான். 8(2) மட்டும் மிஞ்சியிருக்கு.

இதில் வேடிக்கை, சித்தப்பா கேட்டது சித்தப்பாவோட படத்தை. அது யாருடைய அந்தரங்கம்?

வெள்ளைக்காரனைத் திட்டினோம், அவன் ஊரில் இப்போ என்ன வழக்கம்னும் சொல்லிடணும். பிரிட்டனில் 1998 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, பஸ்ஸிலோ ரயில் நிலையத்திலோ கேமராவில் நாம பதிவாகியிருந்தா, அதிகபட்சம் 10 பவுன் கட்டணத்தில் நம்ம படத்தைக் கேட்டு வாங்கலாம், 40 நாளில் கொடுக்கணும். 2018-ல் கட்டணத்தையும் எடுத்துட்டாங்க, கெடு ஒரு மாசம் ஆச்சு. என்னைக்கு, எத்தனை மணிக்கு, எங்கே, என்ன சட்டை போட்டிருந்தேன்னு எழுதிக் கொடுத்தா போதும். மத்தவங்க முகத்தை மறைச்சுட்டுத் தருவாங்க. லண்டனில் 2005-ல் ரயில்களிலும் பஸ்ஸிலும் குண்டு வெடிச்சு 52 பேர் செத்த பிறகும் இந்த உரிமையை அவங்க எடுத்துடலை. பாதுகாப்பும் இருக்கு, படமும் கிடைக்குது.

மூணு கட்டு

எனக்குத் தோணுறது இதுதான். கேமரா சம்பந்தப்பட்ட எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி "ரகசியம்" என்று எழுதி வைக்கிறதில்தான் வம்பு. அதைப் பிரிச்சு மூணு கட்டா வைக்கலாம்.

முதல் கட்டு, யாருக்கும் காட்டக் கூடாதது. கேமராவின் இருட்டு மூலை, நெட்வொர்க், பாஸ்வேர்டு, விசாரணையில் இருக்கிற பதிவு. இதில் சண்டையே இல்லை.

ரெண்டாவது கட்டு, எல்லாருக்கும் காட்ட வேண்டியது. எத்தனை நாள் வைக்கிறீங்க, எத்தனை கேமரா வேலை செய்யுது, யார் யார் பார்க்கலாம், போன வருஷம் எத்தனை தடவை யார் கேட்டு எடுத்துக் கொடுத்தீங்க. இதைச் சொல்றதால ஒரு திருடனுக்கும் லாபமில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் நாலாவது பிரிவுப்படி கேட்காமலே வெளியிட வேண்டிய வகையறா இது. படத்தை எடுத்த ஒவ்வொரு தடவையும் ஒரு நோட்டில் கையெழுத்து இருந்தா, வெள்ளை வேட்டி நாலு பேருக்கு வாய்மொழியா போட்டுக் காட்டுறதும் நிற்கும்.

மூணாவது கட்டு, படத்தில் இருக்கிறவங்களுக்கு மட்டும். அடிபட்டவர், நகையைப் பறிகொடுத்தவர், சீண்டப்பட்ட பொண்ணு, மெமோ வாங்கின கண்டக்டர், டிரைவர். அவங்க வந்து கேட்டா முதல் வேலை அழியாம எடுத்து வைக்கணும். கொடுக்கலாமா வேணாமான்னு அப்புறம் நிதானமா யோசிக்கட்டும்.

டிக்கெட் மாதிரி. நகல் ஒன்று நம்ம பக்கமும் இருக்கணும். அவ்வளவுதான் கேக்குறோம்.

கடைசியா, உங்களுக்கு உதவும்னு

பட்டறிவில் சொல்றேன், உங்களுக்கோ வீட்டாருக்கோ பஸ்ஸிலோ ஸ்டேஷனிலோ ஏதாவது நடந்தா:

டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீங்க. பஸ் நம்பர், தேதி, நேரம் அதில் இருக்கும். சாயம் போறதுக்குள்ள செல்போனில் போட்டோ எடுத்து வைங்க.

அன்னைக்கே, முடியலைன்னா மறுநாள், யாராவது ஒருத்தர் போய் மனு கொடுங்க. "படத்தைக் கொடுங்க" என்று முதல் வரியில் கேக்காதீங்க. "இன்ன தேதி இன்ன நேரத்துப் பதிவை அழியாமல் பாதுகாத்து வையுங்கள்" என்று கேளுங்க. நகலில் சீல் போட்டு வாங்கிக்கோங்க. நாளைக்கு அழிஞ்சு போச்சுன்னு சொன்னா, தெரிஞ்சே அழிய விட்டாங்கன்னு காட்ட அந்த சீல்தான் ஆதாரம்.

அடிபட்ட கேஸா இருந்தா போலீஸ் புகாரிலேயே கேமராவைப் பத்தி ஒரு வரி எழுதுங்க. செல்போனில் யாராவது திரையைப் படம் பிடிச்சுக் கொடுத்தாங்கன்னு நம்பி உக்காராதீங்க. மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் வேணும், 2024 ஜூலையில் வந்த புது சாட்சியச் சட்டத்திலும் அது தொடருது. அதனால ஒரிஜினல் அங்கே பத்திரமா இருக்கணும்.

நாங்க ஒன்பதாவது நாள் போனோம். முதல் நாளே போய் அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்திருந்தா கதை வேற மாதிரி இருந்திருக்குமோ என்னவோ.

சித்தப்பா இப்போ நடக்கிறார், லேசா சாய்ச்சு. படியில் இறங்கும்போது மட்டும் மேலே அந்தக் கறுப்புக் குண்டைப் பார்த்துட்டுத்தான் காலை வைக்கிறார். "என்ன சித்தப்பா, சாமி கும்புடுறீங்களா?" என்று கேட்டேன் ஒரு நாள்.

"இல்லடா. அதுக்கு எல்லாம் தெரியும்டா. சொல்லத்தான் விட மாட்டேங்கறாங்க."